நாவைக் காத்துப் பேசப் பழகுவது: கைபேசியில் தொடங்கி, சபை, வீடு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

"இனிமேல் யாரைப் பற்றியும் பேசமாட்டேன்" என்று புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் தீர்மானம் எடுக்கிறவர்கள் நிறையப் பேர். சீனப் புத்தாண்டு விடுமுறை வருவதற்குள் அந்தத் தீர்மானம் போன இடம் தெரியாது. அவர்கள் மனதில் குறை இல்லை. தொடங்குகிற இடம்தான் தவறு. கணவனோடும் மாமியாரோடும் சண்டை மூளும் நேரத்தில் வாயைக் கட்டப் பார்க்கிறார்கள். அது கடைசியில் வரவேண்டிய பாடம்.

சிங்கப்பூரில் எங்கள் வீட்டுக் கூடுகையில் லெந்து நாட்களில் இதைச் சேர்ந்து பழகிவருகிறோம். புதிதாகச் சேர்கிறவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து இந்த வரிசைக்கு வந்திருக்கிறேன். முதலில் கவனிப்பது, பிறகு கைபேசி, பிறகு ஜெபக் கூட்டம், பிறகு கேட்பது, அதன் பிறகே வீடும் கடிந்துகொள்ளுதலும். சுலபமான இடத்தில் கை பழகினால்தான் கடினமான இடத்தில் உதவும். தயவுசெய்து வரிசையை மாற்றாதீர்கள்.

தொடங்குமுன் வேண்டியவை

ஒரு கால எல்லை வேண்டும். லெந்து நாட்கள், கத்தோலிக்கக் குடும்பங்களில் தவக்காலம், இதற்கு நன்றாகப் பொருந்தும். சாம்பல் புதன் முதல் ஈஸ்டருக்கு முந்தின சனி வரை, ஞாயிறுகளைக் கழித்தால் 40 நாள். உபவாசத்துக்கு ஞாயிறு விடுப்பு உண்டு. இந்தப் பயிற்சிக்குக் கிடையாது. பலருக்கு வாய் வழுக்குவதே ஞாயிறு ஆராதனை முடிந்து சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போதுதான்.

ஒரு துணை வேண்டும். பெண்ணுக்குப் பெண், ஆணுக்கு ஆண். சொந்த வீட்டார் வேண்டாம். நீங்கள் வழக்கமாக ஊர்க்கதை பேசுகிற தோழியும் வேண்டாம். ஏனென்றால் "இந்த வாரம் நான் என்ன தப்பாகப் பேசினேன்னா..." என்று தொடங்கி, அந்தப் பேச்சு முழுவதையும் மறுபடி பேசி முடித்துவிடுவீர்கள்.

ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வேண்டும். கைபேசியில் குறித்துக்கொள்ளலாமே என்று இளையவர்கள் கேட்கிறார்கள். குறிப்பு எழுதத் திறந்தால் வாட்ஸ்அப் கூப்பிடும், காகிதம் கூப்பிடாது.

கடைசியாக, வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டும். "கொஞ்ச நாளைக்கு யோசிச்சுப் பேசப் பழகுறேன். கோபம்னு நினைச்சுக்காதீங்க." இதைச் சொல்லாமல் தொடங்கியவர்களின் வீடுகளில் மூன்றாம் நாளே "உங்களுக்கு என்ன ஆச்சு, என்மேல என்ன வருத்தம்?" என்று பிரச்சினை கிளம்பியிருக்கிறது.

1. முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள், கவனியுங்கள்

எங்கே வழுக்குகிறோம் என்று நம்மில் பலருக்குத் தெரியாது. "எனக்குக் கோபம்தான் பிரச்சினை" என்று சொல்லி வந்த ஒருவர், ஒரு வாரம் குறித்துப் பார்த்தபோது கோபப் பேச்சு மிகக் குறைவு. மிகைப்படுத்திச் சொல்வதுதான் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. தெரியாத நோய்க்கு மருந்து எடுத்து என்ன பயன்?

ஒவ்வொரு இரவும் நான்கு விஷயம் மட்டும் எழுதுங்கள்: எப்போது, எங்கே, யாரிடம், என்ன வகை. பேசிய உள்ளடக்கத்தை எழுதாதீர்கள். ஒரு பதிவு இப்படி இருந்தால் போதும்:

"ஞாயிறு, 12.30, சாப்பாட்டு வரிசை. பக்கத்தில் நின்றவரிடம். அங்கே இல்லாத ஒருவரைப் பற்றி. யாரும் கேட்காமல் நானே சொன்னது."

இவ்வளவுதான். இன்னாருடைய மகள் இன்னாரோடு என்று எழுதிவைத்தால், சாப்பாட்டு மேசையில் கிடக்கும் அந்த நோட்டே புதிய வதந்திக்கு ஊற்றாகிவிடும். நான்கு அறை வீவக அடுக்குமாடி வீட்டில் மறைத்துவைக்க இடம் ஏது?

வாரம் முடிந்ததும் படித்துப் பாருங்கள். ஒரே இடம் அல்லது ஒரே ஆள் திரும்பத் திரும்ப வரும். அதை வட்டமிட்டு வையுங்கள். மற்ற வாரங்களில் உங்கள் கண் இருக்கவேண்டிய இடம் அது.

2. கைபேசியைத் தொடுமுன் ஒரு வசனம்

"கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும், என் உதடுகளின் வாசலைக் காத்துக்கொள்ளும்." சங்கீதம் 141:3. காலையில் எழுந்ததும், கைபேசியை எடுக்குமுன், இதைச் சத்தமாகச் சொல்லுங்கள்.

காவலைத் தாவீது தானே நிறுத்திக்கொள்ளவில்லை, கர்த்தரிடம் கேட்கிறார். மன உறுதியை மட்டும் நம்பி இறங்குகிறவர்கள் இரண்டாம் வாரம் சோர்ந்துபோகிறார்கள். சோர்வு வந்தால் "எனக்கு இது வராது" என்று விட்டுவிடுகிறார்கள். கேட்டு வாங்குகிற காவல் என்றால் மறுநாள் காலையில் மறுபடி கேட்கலாம். இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது, ஆனால் விடாதீர்கள்.

3. கைபேசியில் தொடங்குங்கள்

வாயில் வந்த சொல்லை நிறுத்த நேரமே இருக்காது. எழுதும்போது இருக்கும்: தட்டி முடித்த பிறகும் அனுப்பும் பொத்தானை அழுத்த வேண்டியிருக்கிறது. அந்த இடைவெளியில் பழகுவது எளிது. அதனால்தான் பேச்சுக்கு முன்னால் எழுத்து.

கோபமாக இருக்கும்போது குரல் பதிவு அனுப்பாதீர்கள். குரல் பதிவு இன்னொருவர் கைக்குப் போனால் உங்கள் ஏற்ற இறக்கத்தோடு போகும். எழுத்தையாவது திருப்பிப் படித்துப் பார்த்து அழிக்கலாம். இரவு பத்து மணிக்கு மேல் குழுவில் யாருக்கும் மறுப்பு எழுதாதீர்கள். எழுதத்தான் வேண்டும் என்றால் நோட்டில் எழுதிவைத்து, காலையில் 141:3 சொன்ன பிறகு படித்துப் பாருங்கள். பாதிக்கு மேல் அனுப்பத் தோன்றாது.

வந்த செய்தியைத் தள்ளிவிடுவதும் பேச்சுதான். "ஆலயத்தை எரித்துவிட்டார்கள், உடனே ஜெபியுங்கள், பத்துப் பேருக்கு அனுப்புங்கள்" என்று ஒரு படம் வரும். அந்தப் படம் எந்த ஆண்டில், எந்த நாட்டில் எடுத்தது என்று பார்க்காமல் அனுப்பினால் யாத்திராகமம் 20:16 சொல்லும் பொய்ச்சாட்சியில் நமக்கும் பங்கு உண்டு. நல்ல நோக்கம் பொய்யை உண்மையாக்காது. சிங்கப்பூரில் 2019 முதல், இணையத்தில் பொய்த் தகவல் பரப்புவதைத் தடுக்கும் பொஃப்மா சட்டமும் இருக்கிறது. ஆனால் சட்டத்துக்குப் பயந்து நிறுத்துகிறவர், சட்டத்தின் கண் படாது என்று நினைக்கும் குடும்பக் குழுவில் அனுப்பிவிடுவார். எனவே ஒரே விதி வைத்துக்கொள்ளுங்கள்: யார் சொன்னது, எப்போது நடந்தது என்ற இரண்டும் தெரியாத எதையும் அனுப்புவதில்லை.

இங்கே நடக்கும் பொதுவான பிழை ஒன்று. தான் இரண்டு நாள் கட்டுப்பாடாக இருந்ததும், குழுவில் மற்றவர்களைத் திருத்தத் தொடங்குவது. "பிரதர், இது உண்மையா என்று பார்த்தீர்களா?" என்று எல்லார் முன்னாலும் கேட்பது. இந்தக் காலம் முடியும்வரை அடுத்தவர் நாவு உங்கள் பொறுப்பு இல்லை.

4. ஜெபக் குறிப்பைச் சுத்தமாக்குங்கள்

எல்லாப் படிகளிலும் அதிக நேரம் எடுக்கவேண்டியது இதுதான். புறங்கூறுதல் சபைக்குள் வரும்போது செருப்பைக் கழற்றிவிட்டு, தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, ஜெபக் குறிப்பு என்ற பெயரில் வருகிறது. "கேளுங்க சிஸ்டர், ஜெபிக்கிறதுக்காகத்தான் சொல்றேன்" என்று தொடங்கும் பேச்சை யாரும் தடுப்பதில்லை. தடுத்தால் ஜெபத்தையே தடுத்தது போல ஆகிவிடுமே என்ற தயக்கம்.

இன்னொருவருக்காக ஜெபக் குறிப்பு கொடுக்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள், இதே வரிசையில்.

முதல் கேள்வி: அவரிடம் அனுமதி வாங்கினேனா? வாங்கவில்லை என்றால் குறிப்பு அங்கேயே நிற்கட்டும். வீட்டில் முழங்கால்போட்டு நீங்களே ஜெபியுங்கள். அனுமதி கேட்பது கடினம் இல்லை: "உங்க விஷயத்தைக் கூடுகையில ஜெபத்துக்கு வைக்கலாமா அக்கா? எவ்வளவு சொல்லலாம்?" இரண்டாவது வாக்கியம் முக்கியம். ஜெபத்துக்குச் சரி என்பவர் எல்லா விவரத்துக்கும் சரி என்று சொல்லவில்லை.

இரண்டாம் கேள்வி: பெயரை எடுத்துவிட்டால் ஆள் மறைகிறாரா? பெரும்பாலும் மறைவதில்லை. "பெயர் சொல்லவில்லையே" என்பதுதான் நான் அதிகம் கேட்கும் சமாதானம். ஷார்ட் ஸ்ட்ரீட்டில் தமிழ் மெதடிஸ்ட் சபை, டோர்செட் ரோட்டில் கிறிஸ்து ஆலயம், ஓஃபிர் ரோட்டில் லூர்து அன்னை ஆலயம் என்று சபைகள் வேறு வேறாக இருந்தாலும், இவ்வூர்த் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களுக்குள் கொண்டான் கொடுத்தான் உறவு எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். "தெம்பனிஸ்ல இருக்கிற ஒரு சகோதரி, மகன் இப்பத்தான் தேசிய சேவை முடிச்சான்" என்றால் போதும், கேட்கிறவர் கண்டுபிடித்துவிடுவார்.

மூன்றாம் கேள்வி: இந்த விவரம் ஜெபத்துக்கு வேண்டுமா, எனக்குச் சொல்ல ஆசையா? "நீங்கள் வேண்டிக்கொள்ளுமுன்னே உங்கள் தேவை இன்னதென்று பிதா அறிந்திருக்கிறார்" என்ற பொருளில் இயேசு மத்தேயு 6:8-ல் சொல்கிறார். அவருக்கு விவரம் தேவை இல்லை. அப்படியானால் நாம் யாருக்காக விவரிக்கிறோம்?

ஒரு குறிப்பை எப்படி மாற்றுவது என்று பார்ப்போம். வந்தது இப்படி: "இந்தச் சகோதரர் வேலையை இழந்துட்டார், உண்மையில அவர் முதலாளிகூட சண்டை போட்டாராம், இப்ப வீட்டுல மனைவிகூடவும் சரியில்லை, கடன் வேற இருக்காம், எல்லாரும் ஜெபியுங்க." மாற்றியது இப்படி: "வேலை தேடுகிற நம் சகோதரர் ஒருவருக்கு நல்ல வழி திறக்கவும், குடும்பத்துக்குச் சமாதானம் கிடைக்கவும் ஜெபிப்போம்." ஜெபத்தில் எதுவும் குறையவில்லை. "உண்மையில", "போட்டாராம்", "இருக்காம்" என்று வந்தவை மட்டும் போயிருக்கின்றன. அவற்றில் எது நடந்தது, எது கேள்விப்பட்டது என்று சொன்னவருக்கே தெரியாது.

ஊரிலிருந்து வந்து வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் தம்பிமாரும், வீட்டுப் பணிப்பெண்களும் கூடுகையில் மனம் திறந்து சொல்வதை இன்னும் கவனமாகக் காக்க வேண்டும். முதலாளி சம்பளம் பிடித்துவைத்திருக்கிறார் என்று ஒரு தம்பி அழுதுகொண்டே சொன்னது சுற்றிச் சுற்றி அந்த முதலாளி காதுக்குப் போனால், நமக்கு அது ஒரு பேச்சு. அவருக்கு ஊருக்கு அனுப்பும் விமான டிக்கெட். உதவி செய்யக்கூடிய ஒருவரிடம், அவர் சம்மதத்தோடு சொல்லுங்கள். கூடுகை முழுவதற்கும் வேண்டாம்.

கூடுகையை நடத்துகிறவர்களுக்கு ஒன்று. யாராவது எல்லை மீறினால் முகத்தில் அடித்தாற்போல் நிறுத்தாதீர்கள். "போதும் அக்கா, புரிஞ்சுது, இப்பவே ஜெபிச்சிடலாம்" என்று சொல்லிக் கண்ணை மூடிவிடுங்கள். பேச்சு அங்கேயே முடியும், யாருக்கும் அவமானம் இல்லை.

இதே இடத்தில் இன்னொரு பழக்கத்தையும் சரிசெய்யலாம். "ஜெபத்தில் நினைச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மறந்துவிடுகிறோம். "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்" என்கிறது மத்தேயு 5:37. நினைக்கப்போவதில்லை என்றால் சொல்லவேண்டாம். சொல்லவேண்டும் என்று தோன்றினால் எம்ஆர்டி ரயில் நிலையமாக இருந்தாலும் அங்கேயே நின்று இரண்டு வரி ஜெபித்துவிட்டுப் போங்கள்.

5. கேட்கப் பழகுங்கள்

யாக்கோபு 1:19-இன் வரிசையைப் பாருங்கள்: கேட்கிறதற்குத் தீவிரம், பேசுகிறதற்குப் பொறுமை, கோபிக்கிறதற்குத் தாமதம். கேட்பது முதலில் வருகிறது. ஒழுங்காகக் கேட்டவருக்குப் பொறுமை பாதி வந்துவிடும். கேட்காதவர் எவ்வளவு பல்லைக் கடித்தாலும் வராது.

பழகும் விதம்: எதிரில் இருப்பவர் பேசி முடித்ததும் ஒரு முழு மூச்சு விடுங்கள். பிறகு ஒரு கேள்வி கேளுங்கள். அதற்குப் பதில் வந்த பிறகே உங்கள் கருத்து. "காரியத்தைக் கேட்குமுன் உத்தரம் சொல்லுகிறவனுக்கு, அது புத்தியீனமும் வெட்கமுமாயிருக்கும்" என்ற நீதிமொழிகள் 18:13-ஐ இதற்கு மனப்பாடம் செய்துகொள்ளலாம்.

புதியவர்கள் செய்யும் பிழை, "எனக்கும் இதே மாதிரிதான்" என்று தன் கதையைத் தொடங்குவது. ஆறுதல் சொல்வதாக நினைக்கிறார்கள். துக்கப்பட்டவரோ இப்போது இவருடைய கதைக்குத் தலையாட்டிக்கொண்டிருக்கிறார்.

துக்க வீட்டில் இது இன்னும் முக்கியம். அடுக்குமாடி புளோக் கீழ்த்தளத்தில் பெட்டி வைத்திருக்கிறது, பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், தாயை இழந்த மகள் வாசலில் நிற்கிறாள். வருகிறவர்கள் எல்லாரும் "தேவ சித்தம்மா", "நல்ல இடத்துக்குத்தான் போயிருக்காங்க", "அழாதே" என்கிறார்கள். யோபின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர்கள் செய்ததில் நல்ல காரியம் அதுதான். வாய் திறந்த பிறகு சொன்னவற்றுக்காகவே 42-ஆம் அதிகாரத்தில் தேவகோபத்துக்கு ஆளானார்கள். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். "அம்மாவைப் பத்தி ஏதாவது சொல்லணும்னு தோணினா சொல்லும்மா, நான் இங்கேதான் உட்கார்ந்திருப்பேன்" என்று சொல்லி, சொன்னபடி உட்காருங்கள்.

6. இப்போது வீட்டுக்குள் வாருங்கள்

இதுவரை பழகிய மூன்றையும் வீட்டில் சேர்த்துச் செய்யவேண்டும்: இடைவெளி, அனுமதி, கேட்பது. வீட்டில் கடினம், ஏனென்றால் இங்கே நாம் யாருக்கும் பயப்படுவதில்லை.

பிள்ளைகளிடம் தொடங்குங்கள். நவம்பர் கடைசியில், தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ முடிவு வரும் நாளை எடுத்துக்கொள்வோம். 2021 முதல் நான்கு பாடத்துக்கும் சேர்த்து 4 முதல் 32 வரை புள்ளி, குறைந்தால் நல்லது. பிள்ளை 22 என்று சொல்கிறது. உங்கள் வாயில் முதலில் வருவது "சித்தப்பா மகனுக்கு 9" என்பதாக இருக்கலாம். அந்த ஒரு வாக்கியத்தைப் பிள்ளை பல ஆண்டு சுமக்கும். "பிதாக்களே, உங்கள் பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி, அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள்" என்கிறது கொலோசெயர் 3:21. முடிவு வருவதற்கு முந்தின இரவே, சொல்லப்போகும் முதல் வாக்கியத்தைத் தீர்மானித்து வையுங்கள். "வா, முதல்ல சாப்பிடலாம்" என்பது போதுமானது. பள்ளித் தேர்வைப் பற்றி மறுநாள் பேசலாம்.

அன்று இரவு ஊருக்குப் போன் செய்து தாத்தா பாட்டியிடம் என்ன சொல்கிறீர்கள் என்பதும் இதில் அடங்கும். நம் வீடுகளில் ஒரு சுவர்தான். "என்ன சொல்றது, ஏதோ பாஸ் ஆயிருக்கான்" என்று நீங்கள் குரலைத் தாழ்த்திச் சொல்வது அடுத்த அறையில் அவனுக்குத் தெளிவாகக் கேட்கும்.

கணவன் மனைவிக்குள் வரும் பெரிய பிழை வேறு. நாவடக்கம் என்று நினைத்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வது. இரண்டு நாள் பேசாமல் இருந்து, தட்டை மட்டும் சத்தமாக வைப்பது. அது அடக்கம் ஆகாது. வாயைத் திறக்காமல் திட்டுவது. எபேசியர் 4:26 சூரியன் அஸ்தமிப்பதற்குள் எரிச்சல் தணியவேண்டும் என்கிறது. கோபம் அதிகமாக இருந்தால் நேரம் சொல்லிவிட்டு விலகுங்கள்: "இப்ப பேசினா நான் தப்பாப் பேசிடுவேன். சாப்பிட்டுட்டு ஒன்பது மணிக்குப் பேசலாமா?" ஒன்பது மணிக்கு நீங்களே போய் உட்காருங்கள். நேரம் சொன்னால் அது காத்திருப்பு. சொல்லாமல் போனால் தண்டனை.

7. ஒருவரிடம் குறையைச் சொல்லவேண்டி வந்தால்

மத்தேயு 18:15 முதல் 17 வரை வரிசை தெளிவாக இருக்கிறது. முதலில் நீயும் அவனும் தனித்திருக்கையில். கேட்காவிட்டால் ஒருவரையோ இருவரையோ கூட்டிக்கொண்டு. அதற்கும் கேட்காவிட்டால் சபைக்கு. நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்: முதலில் நாலு பேரிடம் புலம்பி, பிறகு போதகரிடம் சொல்லி, சம்பந்தப்பட்டவர் கடைசியாகத்தான் கேள்விப்படுகிறார்.

தனியாகப் போவதற்கு முன், என்ன நடந்தது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். நீங்கள் கண்ணால் கண்டதோ காதால் கேட்டதோ மட்டும். "அவர் எப்பவுமே இப்படித்தான்" என்று எழுத வந்தால் நீங்கள் இன்னும் தயாராகவில்லை.

இடம் பாருங்கள். ஆராதனை முடிந்த வராந்தா வேண்டாம். பாதிச் சபை கோப்பி குடிக்கும் பக்கத்துக் கோப்பிக் கடையும் வேண்டாம். அவர் வீட்டுக்குக் கீழே இருக்கும் பெஞ்சு நல்லது. பேசி முடித்ததும் அவர் உடனே மேலே போய்விடலாம். நேரமும் பாருங்கள், பன்னிரண்டு மணி நேர ஷிப்டு முடிந்து வந்தவரிடம் எந்த நியாயமும் ஏறாது.

பேச்சை எப்படித் தொடங்குவது? வயதில் சமமானவரிடம்: "அண்ணே, போன வாரம் பாட்டுப் பயிற்சியில என் பொண்ணை எல்லார் முன்னாலயும் வெளியே போகச் சொன்னீங்க. அவ வீட்டுக்கு வந்து அழுதா. என்ன நடந்துச்சுன்னு உங்ககிட்டயே கேட்கலாம்னு வந்தேன்." நடந்தது, அதனால் ஆனது, பிறகு கேள்வி. தீர்ப்பு இல்லை. அவர் பக்கத்தில் உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்க இடம் விட்டிருக்கிறீர்கள்.

பெரியவர்களிடம் இன்னும் பணிவு வேண்டும். 1 தீமோத்தேயு 5:1 முதிர்வயதுள்ளவரைக் கடிந்துகொள்ளாமல் தகப்பனைப்போல் எண்ணிப் புத்திசொல்லச் சொல்கிறது. "ஐயா, உங்ககிட்ட ஒரு விஷயம் தனியாப் பேசணும், எப்ப வரலாம்?" என்று கேட்டு, அவர் சொன்ன நேரத்துக்குப் போங்கள். பெரியவர் ஆயிற்றே என்று சொல்லாமலே விட்டு, பின்னால் பேசுவது மரியாதை ஆகாது.

"எல்லாரும் சொல்றாங்க" என்ற சொல்லை மட்டும் வாயில் எடுக்காதீர்கள். அதைக் கேட்டவர் உங்கள் குறையை மறந்துவிட்டு, யார் யார் சொன்னார்கள் என்று ஒவ்வொரு முகமாகத் தேடத் தொடங்குவார். ஒரு மனஸ்தாபம் பத்தாகும்.

8. வாயைத் திறந்தே ஆகவேண்டிய இடங்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். வீட்டில் அடி உதை, பிள்ளைகளிடம் தகாத நடத்தை, சபைப் பணத்தில் கையாடல் ஆகியவற்றில் பேசாமல் இருப்பது பாவத்துக்குத் துணைபோவது. "திக்கற்றவர்களுடைய நியாயத்துக்காக உன் வாயைத் திற" என்ற பொருளில் சொல்கிறது நீதிமொழிகள் 31:8.

அடிவாங்கும் மனைவியிடம் மத்தேயு 18-ஐக் காட்டி "முதல்ல நீயே தனியாப் போய்ப் பேசும்மா" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அது வேதத்தைத் தவறாகக் கையாளுவது. சகோதரருக்குள் வரும் குற்றத்தைச் சரிசெய்யச் சொன்ன வழி அது. ஆபத்தில் இருப்பவரை ஆபத்துக்குள் திரும்ப அனுப்ப யாருக்கும் அதிகாரம் இல்லை. சிங்கப்பூரில் வன்முறை, பாலியல் தொந்தரவு பற்றிச் சொல்ல 1800-777-0000 என்ற தேசிய உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. உடனடி ஆபத்தென்றால் 999. "சபைப் பேர் கெட்டுடும்" என்று தடுக்கிறவர்கள் இருப்பார்கள். பாதிக்கப்பட்டவரின் உயிரும் மானமும் சபைப் பெயருக்கு முந்தியவை.

அதே நேரம், இங்கும் அடக்கத்துக்கு வேலை உண்டு. நடவடிக்கை எடுக்கக்கூடியவரிடம் சொல்லுங்கள். வேடிக்கை பார்க்கிறவரிடம் வேண்டாம்.

9. வேறு சமயத்தாரோடு பேசும்போது

நம்மில் பலருக்கு அத்தையோ மாமாவோ இந்துக்கள். பக்கத்து வீட்டில் மலாய்க்காரர். தைப்பூசத்தன்று காவடி எடுக்கும் சொந்தக்காரரிடம் என்ன பேசுவது என்று இளையவர்கள் தடுமாறுகிறார்கள். நம்பிக்கையைப் பற்றிக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்லச் சொல்கிறது 1 பேதுரு 3:15. கேட்டால் பதில், கேட்காதபோது அவர் பிரயாணம் நல்லபடி நடந்ததா, காலில் வலி இல்லையா என்று விசாரிப்பது போதும்.

சாட்சி சொல்லும்போது இன்னும் கவனம். தான் விட்டுவந்த வழிபாட்டைக் கேலிசெய்து சபையைச் சிரிக்கவைத்தால், அதே வழிபாட்டில் இருக்கும் சொந்தத் தாயைப் பார்த்துச் சிரிப்பதாகும். இயேசு உங்களுக்கு என்ன செய்தார் என்று சொல்லுங்கள். சமயங்களுக்கிடையே பகை மூட்டும் பேச்சைத் தடுக்கச் சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் 1990-இல் நிறைவேறி 1992 முதல் இங்கே நடப்பில் இருக்கிறது. அண்டை வீட்டாரை நேசிக்கிறவருக்கு அந்தச் சட்டத்தால் எந்தச் சங்கடமும் வராது.

10. தவறிப் பேசிவிட்டால்

தவறுவீர்கள். அதற்கும் ஒரு வரிசை உண்டு.

முதலில், யாரிடம் பேசினீர்களோ அவரிடம் போங்கள். "அன்னைக்கு அவங்களைப் பத்தி நான் சொன்னதைச் சொல்லியிருக்கக்கூடாது. அது எனக்கு நேரடியாத் தெரியாது. தயவுசெய்து வேற யார்கிட்டயும் சொல்லாதீங்க." விறகில்லாமல் நெருப்பு அவியும் என்கிறது நீதிமொழிகள் 26:20. முதலில் விறகை எடுக்கவேண்டும். மறுநாளே செய்யுங்கள், ஒரு வாரம் கழித்துச் சொன்னால் அது ஏற்கெனவே மூன்று வீடு தாண்டியிருக்கும்.

அடுத்து, யாரைப் பற்றிப் பேசினீர்களோ அவர். இங்கே நிதானம் வேண்டும். பேச்சு அவர் காதுக்குப் போயிருந்தாலோ, போகும் என்று தெரிந்தாலோ, நீங்களே போய்ச் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். போகவே வாய்ப்பில்லாத ஒன்றை, உங்கள் மனப்பாரம் குறைவதற்காக அவர் தலையில் இறக்கிவைக்காதீர்கள். சந்தேகமாக இருந்தால் துணையிடமோ போதகரிடமோ பெயரும் விவரமும் சொல்லாமல் கேளுங்கள். கத்தோலிக்கர்களுக்கு ஒப்புரவு அருட்சாதனம் (பாவசங்கீர்த்தனம்) இருக்கிறது. மன்னிப்புக் கேட்பதை அடுத்த மாதத்துக்குத் தள்ளாதீர்கள். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகச் சொல்லும் மத்தேயு 5:24-இல் அவ்வளவு அவசரம் இருக்கிறது.

மன்னிப்பில் "ஆனா" வரக்கூடாது. "மன்னிச்சிடுங்க, ஆனா நீங்களும்..." என்றால் அது புதுச் சண்டை. "உங்க மனசு புண்பட்டிருந்தா" என்பதும் வேண்டாம்; புண்பட்டதால்தான் வந்திருக்கிறீர்கள். "நான் இப்படிச் சொன்னேன். அது தப்பு. மன்னிச்சிடுங்க." பிறகு அவர் எவ்வளவு பேசினாலும் ஐந்தாம் படியில் பழகியபடி கேளுங்கள். உடனே மன்னிக்கவேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

11. துணையோடு வாராந்திரச் சந்திப்பு

வாரம் ஒருமுறை, அரை மணி நேரம். துணை கேட்கவேண்டியது இரண்டு கேள்விதான்: இந்த வாரம் எந்த இடத்தில் நிறுத்த முடிந்தது? எந்த இடத்தில் முடியவில்லை? பெயர்கள் வேண்டாம், உள்ளடக்கம் வேண்டாம். நோட்டில் எழுதிய நான்கு விஷயமே போதும். நிறுத்த முடிந்ததை முதலில் கேளுங்கள். தவறியதை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தவர்கள் பாதியிலேயே நின்றுவிட்டார்கள்.

துணை புத்திமதி சொல்லத் தேவையில்லை. கேட்டு, ஜெபித்து முடிக்கட்டும். அவருக்கும் இது பயிற்சி.

காலம் முடிந்ததும் முதல் வாரத்தில் வட்டமிட்டதை எடுத்துப் பாருங்கள். அந்த இடம் மாறியிருந்தால், நோட்டில் அடுத்து அதிகம் வரும் இடத்தை வட்டமிட்டு, இரண்டாம் படியையும் வாராந்திரச் சந்திப்பையும் மட்டும் வைத்துக்கொண்டு தொடருங்கள். மாறவில்லை என்றால் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள். பெரும்பாலும் அங்கேதான் ஏதோ ஒரு வாட்ஸ்அப் குழு கட்டுப்பாட்டுக்கு வெளியே நின்றிருக்கும். தேவைப்பட்டால் அந்தக் குழுவைவிட்டு வெளியேறுங்கள். போகும்போது ஏன் போகிறேன் என்று நீளமாக எழுதவேண்டாம்.